படகில் இரண்டாம் ஆள்

‘டெலிவரி செய்ய முயன்றோம். வீட்டில் யாரும் இல்லை’ என்று செய்தி வந்தபோது அவர் வாசற்கதவை அகலத் திறந்துவைத்து, அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அதே நாற்காலிதான். தண்ணீர் குடிக்க எழுந்தபோதுகூடச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். செய்தியைப் படித்ததும் நடைகூடத்துக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஏழாவது மாடியில் ஈ காக்கை இல்லை. வீட்டில் யாரும் இல்லையாம். அப்படியானால் இந்த நாற்காலியில் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது யார் என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. செய்தியை விரலால் தொட்டதும் டெலிவரிக்காரர் எழுதிய குறிப்பு கீழே விரிந்தது: ‘ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.’

அந்தக் குறிப்புதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளும் அலுவலகங்களும் அவர் கைபட்ட கூண்டுகளில்தான் ஏறி இறங்குகின்றன. குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் படுத்து இரண்டு வாரமாகிறது. அதன் பராமரிப்பு ஒப்பந்தம் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் வந்து பார்த்து, பார்ட் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். பார்ட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவருக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினால் மேலே ரிலே ‘டக்’கென்று விழுந்து உடனே விட்டுவிடுகிறது. ஏதோ ஒரு மாடியில் கதவுப் பூட்டின் காண்டாக்ட் சரியாக ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த கம்பெனி லிஃப்டைத் தொடுவது அவர் தொழிலில் அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: “நீங்க மட்டும் தொட்டுடாதீங்க சார். அப்புறம் அதையே சாக்கா வெச்சு அவங்க கழண்டுக்குவாங்க.” ஆகவே கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரும் தினம் படியேறினார். கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவதே லிஃப்ட்காரர் என்றுதான். ஆறாவது மாடி நர்ஸம்மா மூச்சு வாங்க எதிரே வரும்போது, “என்ன லிஃப்ட்காரரே, உடம்பு இளைக்கிறதுக்கா?” என்று கேட்பார். அவரும் சிரித்துவைப்பார்.

வரவேண்டியிருந்தது ஒரு வீடியோ கேம். தலை நரைத்த மனிதர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு விளையாட்டுச் சாமானுக்குக் காத்துக் கிடந்தார் என்று வேலையிடத்தில் தெரிந்தால் மாதக்கணக்கில் ஓட்டித் தள்ளியிருப்பார்கள். அதனால் பல்வலி என்று சொல்லி லீவு போட்டிருந்தார். மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்துகொள்வதாகத்தான் பேச்சு. அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று அவருக்கு நினைவில்லை. யாரும் சண்டை போடவில்லை, யாரும் அழவில்லை, அந்தப் பேச்சை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இப்போது மனைவி போனில் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பார். மகளிடம் போன் போகும். பதினான்கு வயதுப் பெண் போனில் அப்பாவிடம் என்ன பேசுவாள்? “ம்.” “நல்லாருக்கேன்பா.” “ம்.” அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும்.

ஆனால் படகில் ஏறிவிட்டால் அவளுக்கு வாய் ஓயாது. அது இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. இருட்டான ஆற்றில் ஒரு படகு. ஒருவர் துடுப்பு போட வேண்டும், இன்னொருவர் முன்னால் நின்று லாந்தரைப் பிடிக்க வேண்டும். லாந்தர் காட்டுகிற இடம்தான் துடுப்புக்காரருக்குத் தெரியும். அவளே எந்த விளையாட்டுப் பெட்டி வாங்குவது, எதை எதில் செருகுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் அவருக்கு மாலையும் அவளுக்குக் காலையுமாக இருக்கும் நேரத்தில் இருவரும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார்கள். “இடது பக்கம்பா, பாறை, பாறை… அப்பா, உங்களுக்கு இடது எது வலது எதுன்னே தெரியாதா?” என்று கத்துவாள். அடுத்த மூச்சில் கணக்கு டீச்சர் செய்த அநியாயத்தைச் சொல்வாள், தோழியோடு போட்ட சண்டையைச் சொல்வாள், அம்மாவுக்கு இருமல் விடவில்லை என்பாள். ஆற்றைப் பார்த்தபடி பேசும்போது அவளுக்கு எல்லாம் சுலபமாக வந்தது. வேண்டுமென்றே சில சமயம் அவர் பாறையில் மோதுவார். மறுபடி முதலிலிருந்து துடுப்புப் போடும்போது இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்குமே.

முதல் பாகம் போன மாதம் கரைசேர்ந்து முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் அன்றைக்கு, வெள்ளிக்கிழமை, வெளியாகிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. படகில் முதலில் ஏறுகிற இரண்டு பேர்தான் கடைசிவரை. நடுவில் ஆளை மாற்ற முடியாது, ஒருவருக்கு ஒரு படகுதான். “என் ஃப்ரெண்டு கேட்டுட்டே இருக்காப்பா. நான் எங்கப்பாகூடத்தான்னு சொல்லிட்டேன்” என்று அவள் சொன்னதை அவர் ஒரு மாதமாக மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்றுதான் அவளும் சொன்னாள். அவரிடம் இருந்தது பழைய போன், அதிலிருந்து வருகிற நெட். யாராவது கூப்பிட்டால் நெட் அறுந்துவிடும், அறுந்தது மறுபடி ஒட்டுமா ஒட்டாதா என்பது அதன் இஷ்டம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அந்த ஆன்லைன் கடையில் முன்பதிவு செய்தால் டிஸ்க்கோடு கட்டைவிரல் உயரத்தில் இரண்டு பித்தளை லாந்தர்கள் வரும், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. வந்ததும் அவளுடையதைத் தபாலில் அனுப்புவதற்காக ஒரு கவர்கூட வாங்கி, விலாசமெழுதி வைத்திருந்தார்.

கடையின் ஆப்பைத் திறந்து உதவிக்கான பெட்டியில் ‘நான் வீட்டில்தான் இருந்தேன்’ என்று தட்டினார். ‘உங்கள் ஏமாற்றம் எங்களுக்கு முழுமையாகப் புரிகிறது’ என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. இத்தனை வேகமாகப் புரிந்துகொள்ளும் ஒருவரை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. ‘யாரும் மேலே வரவில்லை’ என்று தட்டினார். ‘நீங்கள் வீட்டில் இல்லாமல் போனதற்கு வருந்துகிறோம்’ என்றது பெட்டி. அதனோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிய பிறகு, மூலையில் ஒளிந்திருந்த பொத்தானைக் கண்டுபிடித்து ஒரு மனுஷியைப் பிடித்தார். சின்னப் பெண்ணின் குரல். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்குக் கண்டிப்பா வந்துரும் சார்.”

“வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணச் சொல்லுங்கம்மா. மேல ஏறவே வேணாம். நானே கீழ வந்து வாங்கிக்கிறேன்.”

“நோட் பண்ணிட்டேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

அன்றைக்கு, ஏன் அந்த வாரத்திலேயே, அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

“அது என் பொண்ணுகூட விளையாடறதும்மா” என்றார். “அவ வெளிநாட்டுல இருக்கா.”

“ஓ, சூப்பர் சார்.” விசைப்பலகையைத் தட்டும் சத்தம். “இந்தக் காலுக்கு ரேட்டிங் கேட்டு மெசேஜ் வரும் சார்.”

ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையிலேயே கீழே இறங்கி, வாட்ச்மேன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்சலை வாட்ச்மேனிடம் வாங்கி வைக்கச் சொல்லவும் வழியில்லை. விலை கூடிய சாமான் என்பதால் அவர் போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் கொடுப்பார்கள். ஆப்பில் ஒரு குட்டி வண்டி ஊரின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தது. ‘இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள்’ என்றது. நான்கு மணிக்கு மகள் வந்துவிடுவாள். இரண்டரைக்கு வந்தால்கூடப் போதும், டிஸ்க்கைப் போட்டுத் தயாராக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒத்துவராத காரியம். எதிரே லிஃப்ட் கதவு வாயை மூடிக்கொண்டு நின்றது. ‘லிஃப்ட் ஓடவில்லை’ என்ற குறிப்பு மறுபடி மறுபடி மண்டைக்குள் வந்தது. ஒரு லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று பார்சல் வராமல் போவதா? தான் சாப்பிட மேலே போகிற நேரமாகப் பார்த்து டெலிவரிக்காரர் வந்து, போன் பண்ணாமலே இன்றைக்கும் திரும்பிவிட்டால்? லிஃப்ட் ஓடினால் அவர் போன் பண்ணவே வேண்டாமே, ஏறி வந்து மணியடித்துவிட்டுப் போவாரே. மணி பதினொன்றரை. மொத்தமே அரை மணி நேர வேலை. செயலாளர் ஊரில் இல்லை.

“அண்ணே, நான் கொஞ்சம் லிஃப்ட்டைப் பார்க்கறேன். யாராவது வந்தா ஒரு குரல் கொடுங்க” என்றார்.

“நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னாங்களே சார்?”

“நான் தொட்டேன்னு நீங்க ஏன் சொல்லப் போறீங்க?”

வாட்ச்மேன் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் படியேறி இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கள்ளவேலையாக இருந்தாலும் கை அதன் ஒழுங்குப்படிதான் நடந்தது. கருவிப்பையிலிருந்து மஞ்சள் போர்டை எடுத்துத் தரைத்தளக் கதவில் மாட்டினார்: ‘வேலை நடக்கிறது. லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள்.’ மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறி மெயினை அணைத்தார். போனை எடுத்து அங்கேயே ஜன்னல் விளிம்பில் வைத்தார். கூண்டின் தலைமேல் ஏறுகிறவன் சட்டைப்பையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது முதல் நாள் முதல் பாடம். குனிந்தால் போன் குழிக்குள் விழும், அடித்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் ஆளே விழுவான். இருபது வருடத்தில் ஒரு நாளும் அவர் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. போனை வைக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல்தான் வைத்தார், வாசலில் செருப்பை விடுகிறவனைப் போல.

மூன்றாவது மாடிக் கதவில்தான் கோளாறு. காண்டாக்டில் கருப்பேறி, தகடு ஒரு மயிரிழை விலகியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகட்டை நிமிர்த்தினார். மேலே வந்து மெயினைப் போட்டுவிட்டு மறுபடி கூண்டின்மேல் ஏறி, கதவைச் சாத்தித் திறந்து சாத்தித் திறந்து பார்த்தார். கூண்டை மேலும் கீழுமாக மெதுவாக ஓட்டினார். மோட்டார் நல்லபடியாக முனகிற்று. இருட்டான அந்தக் குழியில், கைவிளக்கு காட்டுகிற அளவுக்கே சுவர் தெரிய, அவர் தனக்குத்தானே “இடது பக்கம்பா, பாறை” என்று சொல்லிக்கொண்டு சிரித்தார். இரண்டு நாளில் அப்போதுதான் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை முடிந்து, மெஷின் ரூமில் இருந்த போனைப் பார்க்காமலே பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, ஏழாவது மாடியிலிருந்து ராஜா மாதிரி லிஃப்டிலேயே கீழே வந்தார். கதவு திறந்தது. வாட்ச்மேன், கழற்றிய போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்றார்.

“வந்துட்டுப் போயிட்டாரு சார்” என்றார்.

அவருக்குப் புரியவில்லை.

“பார்சல்காரரு. போர்டைப் பார்த்தாரு. இன்னைக்கும் லிஃப்ட் இல்லையான்னு கேட்டாரு. நாலஞ்சு தடவை போன் அடிச்சாரு, நீங்க எடுக்கல. நானும் படிக்கட்டுல நின்னு கத்தினேன் சார். உள்ள மோட்டார் ஓடிச்சு, உங்களுக்குக் கேக்கல.”

அவர் பைக்குள் கைவிட்டு போனை எடுத்தார். தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. அதற்கு மேலே கடையின் செய்தி: ‘இரண்டாம் முயற்சியும் நிறைவேறவில்லை. உங்கள் ஆர்டர் ரத்தாகிறது.’ இரண்டு மணிக்கு என்று சொன்னவன் பன்னிரண்டுக்கே வந்திருக்கிறான். ஓடிப்போய்த் தெருமுனையில் நின்று பார்த்தார். வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. எல்லா வண்டியின் முதுகிலும் ஏதோ ஒரு பெட்டி இருந்தது.

இந்த முறை வேறொரு பெண் எடுத்தாள். அவளும் ‘சார்’ போட்டுத்தான் பேசினாள். பார்சல் திரும்பக் கிடங்குக்குப் போய்விட்டது என்றாள். பணம் தானாக வந்துவிடும் என்றாள். புதிதாக ஆர்டர் போடலாம், ஆனால் லாந்தரோடு வருகிறது தீர்ந்துவிட்டது, டிஸ்க் மட்டும் அடுத்த வாரக் கடைசியில் கிடைக்கும் என்றாள்.

“அந்த வண்டி இன்னும் பக்கத்துலதாம்மா இருக்கும். நான் நடந்து போயே வாங்கிக்கறேன். எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க.”

“அது எங்களுக்குத் தெரியாது சார்.”

“மேப்ல காட்டுச்சேம்மா, இவ்வளவு நேரம்.”

“ரத்தானதும் அது மறைஞ்சிடும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

வேண்டாம் என்றார். போனை வைத்த பிறகுதான், சட்டையெல்லாம் கிரீஸோடு நடுத்தெருவில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. நேற்று லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரு பழியாவது இருந்தது. இன்றைக்குப் பார்சலைத் திருப்பி அனுப்பியது அவரே தன் கையால் மாட்டிய போர்டு. அந்த டெலிவரிக்காரரைக்கூடக் குறைசொல்ல முடியாது, பாவம், போனெல்லாம் பண்ணியிருக்கிறார்.

நான்கு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அவர் முகம் கழுவி, தலைவாரி, ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் தலைவாரினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“அப்பா, ரெடியா? வந்துடுச்சா?”

“வரலடா குட்டி.”

“நேத்தே வந்திருக்கணுமேப்பா?”

“வந்துச்சு. திரும்பிப் போயிடுச்சு.” போர்டு, போன், மெஷின் ரூம் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தார். கேட்டால் அவள் சிரிப்பாள். சிரித்த பிறகு, பாவம் அப்பா என்று நினைப்பாள். அந்த இரண்டாவதை நினைத்ததும் சொல்லவில்லை. “அடுத்த வாரக் கடைசில கிடைக்குமாம்.”

“அடுத்த வாரமா?” அவள் குரல் சட்டென்று சின்னப்பிள்ளைக் குரலாகி, உடனே பெரிய பெண்ணின் குரலுக்குத் திரும்பியது. “அதுக்குள்ள ஸ்கூல்ல எல்லாரும் முடிச்சிடுவாங்கப்பா. என் ஃப்ரெண்டு இப்பகூட மெசேஜ் பண்ணிட்டே இருக்கா.”

“அவகூட ஆரம்பிச்சிடு.”

“ஆரம்பிச்சா மாத்த முடியாதுப்பா. தெரியும்ல?”

“தெரியும்மா.”

அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இரு, நான் வருகிறேன், எனக்காகக் காத்திரு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. ஆறு மாதத்தில் வருகிறேன் என்று அவளிடம் ஏற்கெனவே ஒரு முறை சொன்னவர் அவர்.

“எனக்கு டூட்டி வேற ஜாஸ்தி குட்டி. நீ ஆரம்பி. எனக்காக நிக்காத” என்றார்.

“ம்” என்றாள். “சரிப்பா.”

அதற்கப்புறம் அவர் ஒன்றும் செய்யவில்லை. வெளியே லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் பரவி, பிள்ளைகள் காரணமில்லாமல் மேலும் கீழும் போய் வந்தார்கள். நர்ஸம்மா கதவைத் தட்டி, “உங்க புண்ணியத்துல இன்னைக்கு மூச்சு வாங்காம வீட்டுக்கு வந்தேன். ஆனா நான் ஒண்ணும் சொல்லல, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று கண்ணடித்துவிட்டுப் போனார். விலாசமெழுதிய கவர் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து டிராயருக்குள் போட்டார். பிறகு என்ன தோன்றிற்றோ, மறுபடி எடுத்து மேஜைமேலேயே வைத்தார்.

ஜன்னலில் வெயில் சிவந்தபோது பழைய பாகத்தையாவது பார்க்கலாம் என்று டிவியைப் போட்டார். படகு கரையில் கட்டிக்கிடந்தது. துடுப்புக்காரன் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் லாந்தருக்கான கொக்கி காலியாகத் தொங்கிற்று. திரையின் ஓரத்தில் நண்பர்கள் பட்டியல் இருந்தது. அவருக்கு நண்பர் ஒருவர்தான். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி எரிந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்க எழுந்து பக்கத்தில் போனார்.

‘படகு, இரண்டாம் பாகம். இரண்டாம் ஆளுக்காகக் காத்திருக்கிறார்.’

அந்தத் தோழி குளித்துக்கொண்டிருக்கலாம். அவள் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். நெட் மக்கர் பண்ணலாம். எத்தனையோ காரணம் இருக்கலாம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் மகள் பேசிவிட்டு வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவள் எதற்கும் அவ்வளவு நேரம் பொறுக்கிறவள் இல்லை.

விளையாட்டைக் காசு கட்டி மறுபடி வாங்கினார். இந்த முறை பெட்டி இல்லை, லாந்தர் இல்லை. டவுன்லோடு பொத்தானை அழுத்தி, போனைக் கொண்டுபோய்ச் சிக்னல் நன்றாக வரும் சமையலறை ஜன்னலில், கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்தார். திரையில் ஒரு நீளமான கோடு வந்தது. அதன் இடது ஓரத்தில் மட்டும் ஊசிமுனையளவு நீலம். மீதியுள்ள நேரம் கணக்கிடப்படுகிறது என்றது. கணக்கிட்டு முடித்து, விடியும்வரை ஆகும் என்றது.

கூப்பிட்டு, எனக்காகவா காத்திருக்கிறாய் என்று கேட்டுவிடலாம். கூப்பிட்டால் நெட் அறுந்துவிடும். அவளுக்கு அனுப்பும் செய்திப் பெட்டியைத் திரையில் திறந்தார். ‘குட்டி’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வைத்தார். அதற்கு மேல் எது சொன்னாலும், அவள் வேறு யாருக்காகவாவது காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டார். அதில் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்று, கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டு கீழே போயிற்று. விளக்கைப் போடாமல் அவர் நாற்காலியை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீலம் ஒரு நூல் நகர்ந்தது. பச்சைப்புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.